இணையத்தில் தொடங்கியதை வகுப்பறையில் முடித்தல்: ஆசிரியருக்கான சுயவேகப் பயிற்சி

இந்த அத்தியாயம் யாருக்கு?

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே, அலுவிகாரையைத் தாண்டி வந்தால் பலாபத்வல. இந்த ஊரிலும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்குச் செயலமர்வு என்றால் முதலில் பயணம்தான் நினைவுக்கு வரும். பாடசாலை விட்டதும் மாத்தளைக்கு பஸ் ஏற வேண்டும். சில வேளை கண்டி வரைக்கும், தேசிய கல்வி நிறுவகத்தின் பயிற்சி என்றால் மஹரகம வரைக்கும் போக வேண்டும். கைக்குழந்தை உள்ளவர்களுக்கும், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், பிள்ளைகளைப் பின்னேர வகுப்புக்கு அழைத்துச் செல்பவர்களுக்கும் இது எளிதல்ல.

இணையவழிச் சுயவேகப் பயிற்சி இந்தச் சிரமத்தைப் பெருமளவு குறைக்கிறது. பாடம் எப்போதும் திறந்தே கிடக்கும். இரவுச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய பிறகும் படிக்கலாம். விளங்காத இடத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்க்கலாம். கூகுள் போமில் வினாவிடை தயாரிப்பது, எச்5பியில் ஊடாடும் பயிற்சி செய்வது, கென்வாவில் சுவரொட்டி வரைவது, ஜியோஜிப்ராவில் கேத்திரகணிதம் காட்டுவது எல்லாவற்றுக்கும் இன்று இலவசப் பாடநெறிகள் உண்டு.

ஆனால் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற பாடநெறியை எப்போது வேண்டுமானாலும் தள்ளிப்போடவும் முடியும். முடித்தவர்களிலும் பலரிடம் சான்றிதழ் இருக்கிறது, வகுப்பில் மாற்றம் இல்லை. இந்த இரண்டு குறைகளுக்கும் மருந்து ஒன்றே என்பது என் அனுபவம். இந்த அத்தியாயம் முழுவதும் அதையே வலியுறுத்துகிறேன்: ஒரு பாடப்பகுதியைத் திரையில் பார்த்து முடித்த நாளை முடிவுநாளாகக் கொள்ளாதீர்கள். அந்தக் கருவியைக் கொண்டு உங்கள் பிள்ளைகள் ஒரு பாடத்தைப் படித்த நாளே அதன் முடிவுநாள்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஷார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் என்பவர் ஊழியர்களுக்காக ஒரு பயிற்சியை வடிவமைத்தார். அதற்கு ‘லேர்னிங் 2.0’ என்று பெயர். அதில் 23 சிறிய வேலைகள் இருந்தன. வலைப்பதிவு தொடங்குவது, படம் ஏற்றுவது, விக்கியில் எழுதுவது என்று ஒவ்வொன்றையும் ஊழியரே செய்து பார்க்க வேண்டும். விரிவுரை கிடையாது. அவரவருக்கு வசதியான நேரத்தில் செய்யலாம். எல்லாவற்றையும் முடித்தவர்களுக்கு எம்பி3 கருவி பரிசு. இந்த வடிவத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டதால் பல நாடுகளின் நூலகங்களும் கல்வி நிறுவனங்களும் தங்களுக்கேற்ற பதிப்புகளை ஆக்கிக்கொண்டன.

சில ஆண்டுகளில் பல்கலைக்கழகங்கள் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் திறந்துவிடும் பெரும் இணையப் பாடநெறிகள் வந்தன. ஹாவர்ட் பல்கலைக்கழகமும் எம்ஐடியும் நடத்திய இத்தகைய பாடநெறிகளை ஆராய்ந்து 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை ஒன்று, 2017-18இல் சேர்ந்தவர்களில் 3 சதவீதத்தினரே முடித்தனர் என்று காட்டியது. சரிபார்த்த சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் முடித்தவர்கள் 46 சதவீதம். எதையாவது பணயம் வைத்தவர் முடிக்கிறார், சும்மா எட்டிப் பார்த்தவர் விட்டுவிடுகிறார். பாதியில் நின்றவர்கள் சோம்பேறிகள் என்று இதற்குப் பொருள் இல்லை. முடித்தே ஆக வேண்டும் என்ற காரணம் பாடநெறிக்கு உள்ளே கிடைப்பதில்லை, வெளியிலிருந்துதான் வர வேண்டும். பணம் கட்டாத நமக்கு அந்தக் காரணம் நம் வகுப்புப் பிள்ளைகள்.

அண்டை நாடான இந்தியாவில் ‘நிஷ்டா’ என்ற ஆசிரியர் பயிற்சித் திட்டம் 2019 ஆகஸ்டில் நேர்முக வகுப்புகளாகத் தொடங்கியது. பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, 2020 ஒக்டோபரில் அது ‘திக்ஷா’ தளத்தில் 18 பாடப்பகுதிகளாக இணையத்துக்கு மாறியது. தமிழ்நாட்டு ஆசிரியர்களும் அதில் படித்தார்கள். இலங்கையில் திறந்த பல்கலைக்கழகம், பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிக்கும் ஆசிரியர்களைத் திறந்த கல்வி வளங்களைத் தேடவும், தம் வகுப்புக்கேற்ப மாற்றவும், தாமே ஆக்கவும் பழக்கியது. இணையத்தில் உள்ளதை அப்படியே எடுத்துக் காட்டுவதோடு நில்லாமல் அதைத் திருத்தித் தம்முடையதாக்கிக்கொள்ளும் இடத்துக்கு ஆசிரியர் வர வேண்டும் என்பதே அந்த முயற்சியின் நோக்கம். நமக்கும் அதுவே இலக்கு.

பாடநெறியைத் தெரிவுசெய்தல்

முதலில் கருவியைத் தேடாதீர்கள். வரும் தவணையில் பிள்ளைகள் வழமையாகத் தடுமாறும் ஒரு பாட அலகைத் தாளில் எழுதுங்கள். ‘தரம் 7, பின்னங்கள்’, ‘தரம் 9, மின்சுற்று’, ‘தரம் 10, கடிதம் எழுதுதல்’ என்று ஒரே வரி போதும். அந்த வரிக்கு உதவும் பாடநெறி மட்டுமே இப்போது உங்களுக்கு வேண்டியது.

தமிழ்மொழி மூல ஆசிரியர் தேடத் தொடங்கக்கூடிய இடங்கள் இவை.

கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் மும்மொழியிலும் தரவாரியாகப் பாடங்கள் உள்ளன. அது பெரும்பாலும் மாணவருக்கானது. ஆயினும் ஒரு கருவியைக் கொண்டு பாடத்தை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பார்க்க உதவும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளத்தில் இணையப்பக்க வடிவமைப்பு, பைதன் நிரலாக்கம் ஆகியவற்றில் இலவசச் சுயவேகப் பாடநெறிகள் உண்டு. தகவல் தொழில்நுட்பம் படிப்பிப்பவர்களுக்கு அவை நல்ல பொருத்தம். கூகுள், மைக்ரோசொப்ட் நிறுவனங்களின் ஆசிரியர் பயிற்சித் தளங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் படங்களோடு படிப்படியாகப் போகின்றன. விஞ்ஞான ஆசிரியர்கள் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘பெட்’ தளத்தைப் பார்க்க வேண்டும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய அந்தத் தளத்தின் உருவகப்படுத்தல்கள் பல தமிழிலும் இருக்கின்றன.

பதிவுசெய்யுமுன் இந்த ஐந்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்:

1. ஒவ்வொரு பாடப்பகுதியிலும் செய்துபார்க்கும் வேலை இருக்கிறதா, காணொளி மட்டும்தானா?
2. கைபேசியிலேயே முடிக்கலாமா, கணினி கட்டாயமா?
3. கடைசித் திகதி உண்டா? உண்டென்றால் அது தவணைப் பரீட்சைக் காலத்தில் விழுகிறதா?
4. இலவசம் என்பது படிப்புக்கு மட்டுமா, சான்றிதழுக்குமா?
5. கற்பிக்கும் கருவி தமிழ் எழுத்தை ஒழுங்காகக் காட்டுகிறதா?

முதலாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் வேறு பாடநெறி தேடுங்கள். நீச்சலைப் பார்த்துக் கற்க முடியாது.

தமிழ் எழுத்து: முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல்

நம்மில் பலர் தவணைப் பரீட்சை வினாத்தாள்களைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்கள். வேர்டில் அது அழகாகத் தெரியும். அதே வினாவைப் பிரதியெடுத்து கூகுள் போமில் ஒட்டினால் குழப்பம் தொடங்கும். ‘அம்மா’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒட்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைக் குறிகள் வரிசையாக நிற்கும். பாமினியில் கணினி சேமிப்பது ஆங்கில விசைகளையே. தமிழ் வடிவம் அந்த எழுத்துரு போட்ட முகமூடி. இணையத் தளத்தில் முகமூடி கழன்றுவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருப்பதால் வரி முழுவதும் அரைப்புள்ளிகள் இறைந்து கிடக்கும்.

இணையக் கருவிகள் எல்லாம் ஒருங்குறியில், அதாவது யுனிகோட்டில் இயங்குகின்றன. எனவே பயிற்சியின் முதல் வாரத்தை இதற்கே ஒதுக்குங்கள்.

பழைய வினாத்தாள்களை மாற்ற, பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றியில் பாமினி உரையை ஒட்டினால் ஒருங்குறி உரை வெளிவரும். மாறிய உரையை ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். குறிப்பாக நிறுத்தக்குறிகள், அடைப்புக்குறிகள், ஆங்கிலச் சொற்கள் கலந்த இடங்களில் பிழை வரும். புதிதாகத் தட்டச்சு செய்ய விசைப்பலகையை மறுபடி கற்க வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை ஆகிய இலவச மென்பொருள்களில் பாமினி விசை அமைப்பைத் தெரிவுசெய்யலாம். விரல் பழகிய இடத்திலேயே போகும், எழுத்து ஒருங்குறியாக வரும். கைபேசியில் கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொண்டால் குரல்வழித் தட்டச்சும் கிடைக்கும். அதில் இலங்கைத் தமிழைத் தனியே தெரிவுசெய்யலாம். அமைதியான அறையில் வினாக்களை வாசித்துக்காட்டினால் பெரும்பகுதி தானே எழுத்தாகும்.

இந்த ஒரு வாரத்தைச் செலவிட்டவர்களுக்குப் பின்னால் வரும் எல்லாக் கருவிகளும் இலகுவாகும். இதைத் தாண்டாமல் போனவர்கள் ஆங்கில வினாக்களிலேயே பழகிவிட்டு, தமிழ் வகுப்புக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள்.

வேகத்தை நீங்களே வகுத்தல்

சுயவேகம் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். வேகத்தைப் பாடநெறி தராவிட்டால் வேறெங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். ஆசிரியருக்குப் பாடசாலைத் தவணையே அதைத் தரும்.

தவணையின் முதல் வாரங்கள் படிப்பதற்கு ஏற்றவை. நடுவாரங்கள் வகுப்பில் செய்துபார்க்க. தவணைப் பரீட்சைக்கு முன்பும் விடைத்தாள் திருத்தும் நாட்களிலும் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு, கோயில் திருவிழா, நோன்பு எல்லாவற்றையும் நாட்காட்டியில் முதலிலேயே குறித்துவிட்டு மிச்சமுள்ள வாரங்களை மட்டும் எண்ணுங்கள். ஒரு தவணைக்கு ஒரு கருவி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு மூன்று கருவிகள் உங்கள் கைக்கு வரும். மூன்றும் வகுப்பில் புழங்கும் என்றால் அது பெரிய முன்னேற்றம்.

வாரத்தில் இரண்டு அமர்வுகள் போதும், ஒவ்வொன்றும் அரைமணி நேரம். முதல் அமர்வில் பாடத்தைப் பாருங்கள். இரண்டாவதில் பாடத்தை மூடிவிட்டு உங்கள் பாடப்புத்தகத்தைத் திறந்து அதே வேலையைச் செய்யுங்கள். பயிற்சியில் வரும் மாதிரி அமெரிக்க வரலாறாகவோ ஆங்கில இலக்கணமாகவோ இருக்கும். அதையே நகலெடுத்துப் பழகினால் கை பழகும், வகுப்புக்கு ஒன்றும் கிடைக்காது.

ஒரு கருவி, ஒரு பாடம்: முழு உதாரணம்

மாத்தளைப் பிள்ளைகளுக்கு 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி சொந்த ஊர்க் கதை. நாய், துப்பாக்கி, கடை ஆகியவற்றின் மீது விதிக்கப்பட்ட வரிகள், வீதி வேலைக்குக் கட்டாய உழைப்பு, ஆளுநர் டொரிங்டன், வீர புரன் அப்பு, கொங்காலேகொட பண்டா, மாத்தளையில் அரச கட்டடங்கள் தாக்கப்பட்டது எல்லாம் அதில் வரும். ஆனாலும் பிள்ளைகள் இதை 1818ஆம் ஆண்டு ஊவா-வெல்லஸ்ஸ கிளர்ச்சியோடு குழப்பிக்கொள்வார்கள். இந்தக் குழப்பத்தைக் கண்டுபிடிக்க கூகுள் போம் நல்ல கருவி. செய்யும் முறை இது:

1. வெற்றுப் போம் ஒன்றைத் திறந்து தலைப்பைத் தமிழில் எழுதுங்கள். செட்டிங்ஸ் பகுதியில் அதை வினாவிடையாக, ‘குவிஸ்’ ஆக மாற்றுங்கள்.

2. ஐந்து வினாக்களுக்கு மேல் வேண்டாம். தவறான தெரிவுகளை யோசித்து எழுதுங்கள். ‘1848 கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவர் யார்?’ என்ற வினாவுக்கு வீர புரன் அப்புவோடு கெப்பெட்டிபொலவின் பெயரையும் ஒரு தெரிவாக வையுங்கள். பிழையான தெரிவு என்பது பிள்ளையின் மனதில் உள்ள குழப்பத்தைப் பிடிக்கும் தூண்டில்.

3. விடைக்கான குறிப்பை எழுதுங்கள். பிழையான விடையைத் தெரிவுசெய்த பிள்ளைக்கு, ‘கெப்பெட்டிபொல 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியோடு தொடர்புடையவர். 1848க்கும் அதற்கும் இடையே 30 ஆண்டுகள். பாடப்புத்தகத்தில் இரண்டு ஆண்டுகளையும் தேடிப் பாருங்கள்’ என்று வரட்டும். ‘பிழை’ என்ற சொல்லோடு நிறுத்தினால் பிள்ளை அடுத்த வினாவுக்குப் போய்விடும்.

4. மின்னஞ்சல் முகவரி சேகரிப்பை நிறுத்துங்கள். ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற கட்டுப்பாட்டையும் நிறுத்துங்கள். அது இருந்தால் கூகுள் கணக்கில் நுழையாமல் போம் திறக்காது. நம் பிள்ளைகள் அம்மாவின் அல்லது அண்ணனின் கைபேசியைப் பாவிக்கிறார்கள். ஒரே கைபேசியில் இரண்டு சகோதரர்கள் பதில் அனுப்பவும் வேண்டியிருக்கும். பெயருக்குப் பதில் வகுப்பு இடாப்பு எண்ணைக் கேட்டால் போதும்.

5. கோப்பு ஏற்றச் சொல்லும் வினாவைத் தவிருங்கள். அதற்கும் கூகுள் கணக்கு வேண்டும். பிள்ளைகள் அனுப்பும் படங்கள் உங்கள் இலவச 15 ஜிபி சேமிப்பிடத்தையும் நிரப்பிவிடும்.

6. இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்புமுன், கணக்கில் நுழையாத வேறொரு கைபேசியில் திறந்து பாருங்கள்.

பதில்கள் வந்ததும் சராசரிப் புள்ளியோடு நின்றுவிடாதீர்கள். சுருக்கப் பக்கத்தில் அதிகம் பேர் பிழைவிட்ட வினாக்கள் தனியே காட்டப்படும். பலர் கெப்பெட்டிபொலவைத் தெரிவுசெய்திருந்தால் அடுத்த நாள் பாடம் தயாராகிவிட்டது: கரும்பலகையில் ஒரு காலக்கோடு, அதில் 1815, 1818, 1848. பிள்ளைகளே ஆட்களையும் காரணங்களையும் அந்தந்த இடத்தில் எழுதட்டும். கைபேசி இல்லாத பிள்ளைகளுக்கு அதே ஐந்து வினாக்களைத் தாளில் கொடுங்கள். கருவி ஆசிரியருக்குத் தகவல் தருவதற்காக. கைபேசி இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் வெளியே நிற்கக்கூடாது.

இந்தப் பாடம் நடந்து முடிந்த பிறகு பயிற்சித் தளத்துக்குத் திரும்பிப் போய் அந்தப் பகுதிக்கு ‘முடிந்தது’ என்று போடுங்கள்.

சிக்னல், டேட்டா, மின்சாரம்

2021இல் பதுளை மாவட்டத்தின் லுணுகலையில் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுக்குள் மலையேறி மரவீட்டில் அமர்ந்து படித்த செய்தி உலகெங்கும் போனது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது. மலையடிவாரத்தில் வாழும் ஆசிரியருக்கு இந்தத் தடைகள் புதியவை அல்ல. ஆகவே இணையம் அறுந்தாலும் தொடரும்படி பயிற்சியை அமைத்துக்கொள்ள வேண்டும்.

காணொளியை 720பி தரத்தில் ஒரு மணிநேரம் பார்த்தால் ஏறத்தாழ ஒரு ஜிபி டேட்டா போகும். தரத்தை 240பிக்குக் குறைத்தால் அதில் சிறு பங்கே போதும். திரையில் எழுத்தைக் காட்டும் இடங்களில் மட்டும் தரத்தைக் கூட்டுங்கள். காணொளியின் எழுத்து வடிவம் கொடுக்கப்பட்டிருந்தால் அதை முதலில் வாசியுங்கள். பல வேளை அதுவே போதும். வை-பை கிடைக்கும் இடத்துக்குப் போகும் நாளில் வாரத்துக்கான கோப்புகளை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இணையம் இல்லாமலே இயங்கும் கருவிகளை முதலில் கற்பதும் நல்லது. ‘பெட்’ உருவகப்படுத்தல்களை ஒவ்வொரு கோப்பாக இறக்கி, இணையமில்லாத வகுப்பறைக் கணினியில் ஓட்டலாம். ஜியோஜிப்ராவைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். எச்5பி பயிற்சிகளை ‘லூமி’ என்ற இலவச மென்பொருளால் கணினியிலேயே ஆக்கி, ஒற்றைக் கோப்பாக்கி, பென்டிரைவில் கொண்டுபோகலாம். கணினிக் கூடத்தில் இயங்கும் கணினி ஒன்றே ஒன்றாக இருந்தாலும் புரொஜெக்டரோடு இணைத்தால் முழு வகுப்பும் பார்க்கும்.

தனியாகப் படிக்காதீர்கள்

பாடநெறியில் தனியாகப் பதிவுசெய்தாலும் துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பாடம் படிப்பிப்பவராக இருக்க வேண்டியதில்லை. அதே வாரத்தில் அதே பகுதியைச் செய்பவராக இருந்தால் போதும். தளத்தின் உதவிப் பக்கத்தில் ஒரு மணிநேரம் தேட வேண்டிய விடை ஆசிரியர் அறையில் ஒரு நிமிடத்தில் கிடைக்கும்:

“டீச்சர், என்னோட கிளாஸ்ல பாதிப் பிள்ளைகளுக்கு லிங்க் திறக்கவே இல்ல. ஏதோ சைன்-இன் கேக்குதாம்.”

“ஒருவருக்கு ஒரு பதில்னு இருக்குமே, அது ஓன்ல இருக்கும் மிஸ். செட்டிங்ஸ்ல போய் ஓஃப் பண்ணிட்டு, அதே லிங்க்க திரும்ப திறக்கச் சொல்லுங்க.”

இத்தகைய உதவி பாடசாலைமட்ட ஆசிரியர் வாண்மை விருத்தியின் ஒரு பகுதியே. அதிபரோடு பேசி, தவணைக்கு ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில் பத்து நிமிடம் கேளுங்கள். கருவியைப் பற்றி விரிவுரை செய்யாமல், அதைக் கொண்டு நடந்த ஒரு பாடத்தைக் காட்டுங்கள்: வினா எப்படி இருந்தது, பிள்ளைகள் எங்கே பிழைவிட்டார்கள், அடுத்த நாள் என்ன செய்தோம். இளம் ஆசிரியருக்குக் கருவி வேகமாகக் கைவரும். எந்த இடத்தில் பிள்ளை தடுமாறும் என்பது மூத்த ஆசிரியருக்குத் தெரியும். இருவரும் ஒன்றாக அமர்ந்தால்தான் நல்ல வினா பிறக்கும்.

வலயத்தின் ஆசிரிய ஆலோசகருக்கும் உங்கள் பாடத்தைக் காட்டுங்கள். ஒரு பாடசாலையில் பலன் தந்த ஐந்து வினாக்கள் பக்கத்துப் பாடசாலைக்கும் பயன்படும். போமைப் பிரதியெடுத்துக்கொள்ளும் இணைப்பாகப் பகிர்ந்தால் அவர்கள் தங்கள் வகுப்புக்கேற்ப மாற்றிக்கொள்வார்கள்.

பதிவேடு

ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பக்கம், அதில் நான்கு வரிகள்:

கருவியும் திகதியும்.
எந்தத் தரம், எந்தப் பாட அலகு.
பிள்ளைகள் செய்தது என்ன, எங்கே தடைப்பட்டார்கள்.
அடுத்த முறை மாற்ற வேண்டியது.

சான்றிதழை அச்சிட்டு அந்தப் பக்கத்தோடு இணைத்து வையுங்கள். தரமுயர்வுக்கு எந்தப் பயிற்சி கணக்கில் எடுக்கப்படும் என்பதை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பும் வலயக் கல்வி அலுவலகமுமே சொல்ல வேண்டும். வெளித் தளச் சான்றிதழ் ஒன்றுக்காக நேரம் செலவிடுமுன் அங்கே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். எது எப்படியிருந்தாலும், மேற்பார்வைக்கு வருபவர் “இந்தப் பயிற்சியால் வகுப்பில் என்ன நடந்தது?” என்று கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் அந்தப் பக்கம் இருக்கும்.

கவனிக்க வேண்டிய இரண்டு

முதலாவது, பிள்ளைகளின் தகவல். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், பெற்றோர் நம்மை நம்பியே பிள்ளையை ஒப்படைக்கிறார்கள். முழுப்பெயர், பிறந்த திகதி, வீட்டு முகவரி, முகம் தெரியும் படம் எதையும் இலவசத் தளங்களில் இட வேண்டாம். இடாப்பு எண் போதும். பெற்றோரின் அனுமதியின்றிப் பிள்ளைகளைத் தளங்களில் கணக்குத் திறக்க வைக்காதீர்கள்.

இரண்டாவது, கருவிகள் நிலையானவை அல்ல. கூகுளின் ஜேம்போர்ட் என்ற மின்வெண்பலகையைப் பல ஆசிரியர்கள் பழகிய பிறகு, 2024 டிசம்பர் இறுதியில் நிறுவனம் அதை மூடியது. வேறு சில தளங்கள் இலவசமாக இருந்த வசதிகளைக் கட்டணத்துக்கு மாற்றின. எனவே பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைவிட, அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதை மனதில் வையுங்கள். குழப்பத்தைக் கண்டுபிடிக்கும் வினா, உடனே கிடைக்கும் பின்னூட்டல், பிள்ளைகள் சேர்ந்து எழுதும் பலகை, கண்ணால் பார்க்க முடியாததைக் காட்டும் உருவகப்படுத்தல் என்று நான்கு வேலைகள். இவற்றைத் தெரிந்தவருக்கு ஒரு கருவி போனால் இன்னொன்று ஒரு மாலையில் கைவரும். ஆக்கிய வினாக்களை எப்போதும் ஒருங்குறிக் கோப்பாக உங்கள் கணினியில் சேமித்து வையுங்கள். தளம் மூடினாலும் உழைப்பு வீணாகாது.

இந்த வாரமே தொடங்க

இன்று: அடுத்த மாதம் படிப்பிக்கப் போகும் கடினமான அலகு ஒன்றைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

நாளை: உங்களோடு சேர்ந்து படிக்க ஒருவரைக் கேளுங்கள். கைபேசியில் தமிழ் விசைப்பலகையை இருவரும் அமைத்துக்கொள்ளுங்கள்.

வார இறுதியில்: அந்த அலகுக்கு உதவும் ஒரே ஒரு பாடநெறியில் பதிவுசெய்யுங்கள். முதல் பகுதியை மட்டும் பாருங்கள்.

அடுத்த வாரம்: அந்தப் பகுதியில் கற்றதைக் கொண்டு உங்கள் பாடப்புத்தகத்திலிருந்து ஐந்து வினாக்களோ ஒரு பயிற்சியோ ஆக்குங்கள்.

அதற்கடுத்த வாரம்: அதை வகுப்பில் கொடுங்கள். நான்கு வரிகளை எழுதுங்கள். பிறகே இரண்டாம் பகுதியைத் திறவுங்கள்.

இந்த ஒழுங்கில் போகிறவர் பாடநெறியை மெதுவாகத்தான் முடிப்பார். பாதியில் நின்றுபோனாலும் நின்ற இடம் வரைக்கும் கற்றது முழுவதும் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்திருக்கும். பலாபத்வலையின் ஒரு வகுப்பறைக்கு ஆசிரியர் படித்துக் கொண்டுவரும் கருவி அந்த அறைக்குள் வந்து பயன்பட வேண்டும். நாம் பயிற்சியில் செலவிடும் ஒவ்வொரு இரவுக்கும் அதுவே நியாயம்.